அடைக்கோழியைத் தரமாட்டேன்

மலைமேல் இருக்கிற தேவனூர் நாட்டில் மிளகு பறிக்கிறவர்களில் சின்னக்கண்ணுவுக்கு ஈடு யாரும் கிடையாது என்று அவனைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்குப் பையைக் கட்டிக்கொண்டு ஏறினான் என்றால், உச்சிக் கொடியில் ஒரு சரத்தைக்கூட மிச்சம் வைக்காமல் உருவிக்கொண்டுதான் இறங்குவான். காற்று பலமாக இருந்தால் மற்றவர்கள் கீழேயே நின்றுவிடுவார்கள். "இறங்குடா, மரம் ஆடுது" என்று கத்துவார்கள். "ஆடட்டும், நானும் சேர்ந்து ஆடறேன்" என்பான் மேலேயிருந்து. எதைச் செய்யாதே என்கிறார்களோ அதைச் செய்து முடித்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

அப்படி ஆடிய ஒரு மாசி மாதக் காலையில் மூங்கில் நழுவியது. பக்கத்துப் பலாமரத்து வேரில் வந்து விழுந்தான். ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் அலறிய அலறல் எதிரே வந்த பஸ்காரர்களுக்கும் கேட்டது. அண்ணன் பூபதிதான் அவன் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். உயிர் தப்பியது. நொறுங்கிப் போயிருந்த இடுப்பு எலும்பு மட்டும் பழையபடி வரவில்லை. ஊருக்குத் திரும்பியபோது ஒரு கால் குட்டையாகி, கையில் தடி வந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "கம்முனு உக்காரு." தண்ணீர் மொள்ள எழுந்தால் "கம்முனு உக்காரு". விறகை நகர்த்தக் குனிந்தால் "கம்முனு உக்காரு". மிளகுத் தோட்டத்தைப் பூபதி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். மனைவி அம்சவேணி காபித் தோட்டத்துக் களைவெட்டுக்கும் குச்சிக்கிழங்கு பிடுங்கவும் போனாள். சின்னக்கண்ணு வாசல் பலகையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் பரிதாபத்தை வாங்கிக்கொண்டிருந்தான். வசவு வாங்கிப் பழகியவனுக்குப் பரிதாபம் வாங்கத் தெரியவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

பார்க்க வருகிற உறவுக்காரர்களுக்குச் சோறு போட வேண்டுமே. ஒவ்வொரு முறையும் ஒரு கோழி போயிற்று. அவனுக்கும் எலும்பு கூட வேண்டும் என்று கோழிச் சாறு வைத்தாள் அம்சவேணி. முற்றம் நிறைய மேய்ந்துகொண்டிருந்த கோழிகள், அவன் தடியூன்றி நடக்கப் பழகுவதற்குள் ஒரு செவலையும் ஒரு கருப்பியும் ஒரு கிழட்டுச் சேவலுமாகச் சுருங்கிப் போயின. இடுகிற முட்டையைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து அவித்து அவனிடம் நீட்டுவாள். குஞ்சுக்கு என்று ஒன்றும் மிஞ்சாது.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் ராசு வந்தான். கூட மரம் ஏறியவன், சின்ன வயதிலிருந்து சேக்காளி. சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, வீட்டு ஓரத்தில் சாத்தியிருந்த மூங்கிலைப் பார்த்தான்.

"மாப்ள, தப்பா நெனைக்காத. அந்த ஏணி சும்மாதான கெடக்குது? நான் எடுத்துக்கட்டுமா? என்ற மூங்கில்ல கணு விட்டுப் போச்சு."

ராசு கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அது சின்னக்கண்ணுவுக்கும் தெரியும். ஆனாலும் செத்தவன் வீட்டில் வந்து துணிமணி கேட்கிற மாதிரி இருந்தது.

"அது எனக்கு வேணும்டா."

"உனக்கா? எதுக்கு?"

எதுக்கு என்று அவனுக்கே தெரியாது. கண்ணில் பட்டது வாசலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கருப்பிக் கோழி.

"கோழிக்கு ஊடு கட்டப் போறேன்" என்றான்.

ராசு சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினை. அவன் போன கையோடு சின்னக்கண்ணு ரம்பத்தை எடுத்தான். தரையில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு, இழுத்து இழுத்து மூங்கிலைத் துண்டு போட்டான். அம்சவேணி வேலையிலிருந்து திரும்பியபோது, கணவனின் ஏணி சிராம்பும் தப்பையுமாக முற்றம் முழுக்கக் கிடந்தது. தலையிலிருந்த விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, இதென்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இனி ஏறப் போறதில்லைன்னு ஊரே சொல்லுதே. அறுத்துட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்கு வரவில்லை. விழுந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் உள்ளங்கையில் கொப்புளம் கண்டிருந்தது. அதையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவித்த முட்டையை நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை.

"இனிமே எனக்கு முட்டை வேண்டாம்."

"ஏன்? எலும்புக்கு நல்லதுன்னு சொல்லிருக்காங்கல்ல?"

"எலும்பு கூடற வரைக்கும் கூடிருச்சு. இனி நான் முட்டையே தின்னுட்டு இருந்தா கோழியும் தீரும், நானும் இந்தப் பலகையிலயே தீருவேன். அது அடையில உக்காரட்டும். குஞ்சு பொரிக்கட்டும்."

"நான் வெயில்லயும் மழையிலயும் வேலைக்குப் போயிட்டு வந்து, உங்களுக்கு ஒடம்பு தேறணும்னு ஒரு முட்டைய அவிச்சுக் குடுத்தா, அதைக் கோழிக்குக் குடுக்கறீங்களா?"

"ஆமா."

அவள் அந்த முட்டையைத் தானே உரித்து, அவன் கண்ணெதிரே இரண்டே வாயில் தின்றுவிட்டு வேலைக்குப் போனாள். இரண்டு நாள் பேசவில்லை.

கோழியை அடையில் உட்கார வைப்பது ஒரு வேலையா என்று நினைத்திருந்தான் சின்னக்கண்ணு. முட்டையை எடுக்காமல் விட்டால் தானாக உட்காரும் என்பது அவன் கணக்கு. கூடையில் வைக்கோலைப் போட்டு, வாசலோரமாக வைத்தான். செவலை அந்தக் கூடையில் இரண்டு முட்டை இட்டது. மூன்றாவதைக் காபிச் செடிக்கு அடியில் போய் இட்டது. நான்காவது எங்கே என்று தெரியவே இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு, செடி செடியாக விலக்கித் தேடினான். ஆட்கள் வழியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கண்ணாயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடுவயதுக்காரி. அவள் வீட்டில் கோழிக்கும் குஞ்சுக்கும் குறைவே இருக்காது.

"ஏனுக்கா சிரிக்கற? எப்புடின்னுதான் சொல்லேன்" என்று கேட்டான். ஆண்பிள்ளை வந்து இதைக் கேட்கிறானே என்று அவள் முதலில் நம்பவில்லை. கேலி செய்கிறான் என்று நினைத்தாள். தடியை வேலியில் சாய்த்துவிட்டு அவன் நிற்பதைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"வாசல்ல, நாலு பேரு கண்ணுல படற எடத்துல நீ உக்காந்து புள்ள பெத்துக்குவியா? அதுக்கும் மறைவு வேணும் சாமி. இருட்டா, கதகதப்பா, ஆளு தொந்தரவு இல்லாம இருக்கோணும். முட்டை சேர்ந்து கெடக்கறதைப் பாத்தாத்தான் அதுக்கு உக்காரோணும்னு தோணும். ஒண்ணு ரெண்டு கெடந்தா எந்திரிச்சுப் போயிரும்."

அவன் மூங்கில் தப்பையை வைத்து, சமையல்கட்டுச் சுவரை ஒட்டி, அடுப்புச் சூடு தெரிகிற பக்கமாக ஒரு சின்ன அடைப்புக் கட்டினான். சாக்குப்படுதா தொங்கவிட்டான். ஓடையிலிருந்து உருண்டைக் கல்லாகத் தெருப் பிள்ளைகளைப் பொறுக்கிவரச் சொல்லி, சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, கூடையில் முட்டையோடு முட்டையாகக் கலந்து வைத்தான். அம்சவேணி அதைப் பார்த்துவிட்டு, "கல்லுக்குக் கால் மொளைச்சு ஓடுமா?" என்றாள். மூன்று மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி. அவன் அதையும் வரவில் சேர்த்துக்கொண்டான்.

செவலை உட்கார்ந்தது. ஐந்தாறு நாள் கல்போல உட்கார்ந்திருந்தது. சின்னக்கண்ணுவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கொரு தரம் படுதாவை விலக்கிப் பார்த்தான். முட்டை சூடாக இருக்கிறதா என்று வயிற்றுக்கடியில் கையை விட்டான். ஒரு நாள் எழுந்துபோன செவலை திரும்பி வரவே இல்லை. பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தால், முட்டையை உருட்டித் தள்ளிவிட்டு ஓடியது. முட்டையெல்லாம் கூமுட்டையாகி நாறியது. குழி தோண்டிப் புதைத்தார்கள். அந்த வாரமே காட்டுப்பூனை வந்து செவலையையும் கொண்டுபோய்விட்டது. வேலியோரம் இறகு மட்டும் கிடந்தது.

"அத்தனை முட்டையத் தின்னிருந்தா ஒடம்பாச்சும் தேறியிருக்கும்" என்றாள் அம்சவேணி. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனுக்குச் சுட்டது.

"இன்னொரு தரம்" என்றான்.

"இன்னொரு தரமும் இதே ஆனா?"

"அப்பறம் இன்னொரு தரம்."

இப்போது மிஞ்சியது கருப்பி ஒன்றுதான். சுபாவத்தில் முரடு. தீனி போடுகிற கையையே கொத்தும். பலாமரத்தில் ஏறித்தான் அடையும். அதுவா உட்காரும் என்று கண்ணாயியே உதட்டைப் பிதுக்கினாள். சின்னக்கண்ணு இந்த முறை தன் கையைக் கட்டிக்கொண்டான். காலையில் கொஞ்சம் சாமையும் கேழ்வரகும் அடைப்புக்குப் பக்கத்தில் தூவிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவான். கருப்பி சுண்ணாம்புக் கல்லைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, கொத்தியது, போயிற்று. மறுநாளும் வந்தது. ஒரு நாள் உள்ளே போய் ஒரு முட்டை இட்டுவிட்டு, மலையே கேட்கும்படி கொக்கரித்தது. அந்த முட்டையை அவன் தொடவில்லை. அடுத்ததையும் தொடவில்லை. எடுக்கப்போன அம்சவேணியையும் தடியைக் குறுக்கே நீட்டித் தடுத்தான்.

மழைக்காலம் விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு காலையில் கருப்பி தீனிக்கு வரவில்லை. சாக்கை லேசாக விலக்கினான். இறகையெல்லாம் சிலிர்த்து, பலாக்கொட்டைக் கூடை அளவுக்கு உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொண்டைக்குள் கொர்ரென்று ஒரு சத்தம். கையைக் கொண்டுபோனான். நறுக்கென்று கொத்தி ரத்தம் வரவைத்தது. மார்பு இறகைத் தானே பிய்த்துக் கூடையில் மெத்தையாகப் போட்டிருந்தது. வெறும் தோல் முட்டையில் படும்படி அழுத்திக்கொண்டிருந்தது.

"கண்ணாயி அக்கோவ்!" என்று அவன் கத்திய கத்தலில், பாம்பு கடித்துவிட்டதோ என்று அவள் ஓடிவந்தாள். பார்த்தாள். "அடப்பாவி, உக்காந்துருச்சு" என்றாள். திரும்பிப் போய்த் தன் வீட்டிலிருந்து முந்தானையில் முட்டை கட்டிக்கொண்டு வந்தாள். "என்றதையும் சேர்த்து வையி. பொரிஞ்சா பாதிக் குஞ்சு எனக்கு." கல்லை எடுத்துவிட்டு முட்டையை வைத்தார்கள். அவன் ஒவ்வொன்றிலும் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டான், புதிதாக இட்டால் தெரிவதற்கு.

ஒரு வாரம் கழித்து, அம்சவேணிக்கு வேலை இல்லாத நாளில், பட்டப்பகலில் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு செல்போன் விளக்கில் முட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கருப்பி இரை எடுக்கப் போயிருந்த நேரம்.

"வேணி, இங்க வா. சீக்கிரம் வா."

அவள் போர்வைக்குள் தலையை நுழைத்தாள். முட்டைக்குள் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. அடுத்த முட்டையை அவளே எடுத்து விளக்கில் வைத்தாள். அப்புறம் அடுத்ததை. "கோழி வாரதுக்குள்ள வெச்சுருங்க, ஆறிரும்" என்று அவள்தான் அவசரப்படுத்தினாள். மறுநாள் வேலைக்குப் போகிறபோது, "படுதாவ அடிக்கடி தூக்கிப் பாக்காதீங்க" என்று அவனுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாம் கூடிவருகிற நேரத்தில் பூபதி வந்தான்.

கையில் ஒரு சாக்குப்பை. முகம் மலர்ந்திருந்தது. "சின்னு, நல்ல சேதி. நம்ம கோகிலாவப் பொண்ணு கேட்டு சேலூர் நாட்டுல இருந்து நாளைக்கு வாராங்க. நல்ல எடம். பையன் செம்மேட்டுல கடை வெச்சிருக்கான்."

கோகிலவாணி பூபதிக்கு ஒரே பெண். சின்னக்கண்ணு தோளில் தூக்கி வளர்த்த பெண். "சந்தோசமுங்கண்ணா" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

"வர்ற ஒறம்பரைக்கு நாட்டுக்கோழி அடிச்சுப் போடோணும். ஊருல ஒண்ணும் தேறலை. உன்ற கருப்பியப் புடிச்சுக் குடு."

"அது அடையில இருக்குதுங்கண்ணா."

"இருந்தா என்ன, தூக்குனா எந்திரிக்கப் போகுது."

"முட்டையில குஞ்சு உசுரு புடிச்சிருச்சு. சேவலைப் புடிச்சுக்கிட்டுப் போங்க."

"அந்தக் கெழட்டுச் சேவலையா? சம்பந்தி பல்லு ஒடையறதுக்கா? என்னடா பேசற?" பூபதி சிரித்துக்கொண்டே அடைப்புப் பக்கம் நடந்தான். தம்பி இல்லை என்று சொல்லக்கூடும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. "நீ கம்முனு உக்காரு. நானே புடிச்சுக்கறேன்."

சின்னக்கண்ணு பலகையிலிருந்து எழுந்தான். எழுவதற்கு அவனுக்கு நேரம் பிடிக்கும். முதலில் தடி, பிறகு நல்ல கால், பிறகு மற்றது. ஆனால் அன்றைக்கு எப்படி எழுந்தான் என்று அவனுக்கே நினைவில்லை. பூபதி சாக்குப்படுதாவில் கை வைப்பதற்குள் அடைப்பின் வாசலில் தடியைக் குறுக்கே வைத்து நின்றான்.

"கோழியத் தரமாட்டேனுங்கண்ணா."

பூபதியின் சிரிப்பு நின்றது. "என்ன சொன்ன?"

"தரமாட்டேன்னு சொன்னேன்."

"ஒரு கோழி. அண்ணன் மகளுக்கு. தரமாட்டியா?"

"வேற எது கேட்டாலும் தாரேன். அடையில இருக்கற கோழியத் தரமாட்டேன்."

"உன்னைய மடியில போட்டுக் கீழ கொண்டுபோனது யாருடா? ஆஸ்பத்திரி வராண்டாவுல கொசுக்கடியில படுத்துக் கெடந்தது யாரு?"

சின்னக்கண்ணு தடியை எடுக்கவில்லை. "நீங்கதானுங்கண்ணா. சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். அதுக்காவ இனி என்ற ஊட்டுல எது இருக்கோணும் எது போகோணும்னு நீங்களே சொல்லிட்டு இருந்தா, அப்பறம் நான் எதுக்கு? தோட்டத்த எடுத்துக்கிட்டீங்க, நான் ஒண்ணும் பேசலை. வர்றவங்களுக்கெல்லாம் கோழிய அடிச்சாங்க, பேசலை. இதை விடமாட்டேன்."

வேலைக்குப் போயிருந்த அம்சவேணி அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். கண்ணாயி வேலியோரம் நின்றிருந்தாள். பூபதி அம்சவேணியின் பக்கம் திரும்பினான்.

"நீயே சொல்லும்மா. இவனுக்குப் புத்தி கலங்கிருச்சா? நீதான முட்டைய வீணாக்கறான்னு என்ற ஊட்டுல வந்து அழுத?"

அது உண்மை. அவள் அழுதிருந்தாள். சின்னக்கண்ணுவுக்கு அது இப்போதுதான் தெரியும். அவளை அவன் பார்க்கவில்லை. தடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்சவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அழுதனுங்க மாமா. இப்ப அழுகலை. அடைக்கோழி எளைச்சு எலும்பாக் கெடக்கும், கறி சக்கையாட்டம் இருக்கும். ஒறம்பரைக்கு அதைப் போட்டா உங்களுக்குத்தான் கேவலம். அவரு சொன்னாச் சொன்னதுதானுங்க."

பூபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சாக்குப்பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான். "இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனான். நடையில் அவ்வளவு வேகம்.

அவன் தலை மறைந்ததும் சின்னக்கண்ணு பலகைக்குத் திரும்பினான். அம்சவேணி பிடித்து உட்கார வைத்தாள். "பெரியவங்க மூஞ்சிக்கு நேரா இன்னிக்குப் பேசிட்டேன். அவரு நமக்குச் செஞ்சது கொஞ்சமில்லை. இந்தக் குஞ்சு மட்டும் பொரியாம இருக்கட்டும், உங்களையும் உங்க கருப்பியையும் சேர்த்துச் செம்மேட்டுச் சந்தையில வித்துருவேன்" என்றாள். சாக்குக்குப் பின்னால் கருப்பி கொர்ரென்றது.

குஞ்சு பொரிந்தது. முதல் ஓடு விரிசல் விட்ட நாளில் அம்சவேணி வேலைக்குப் போகவில்லை. உள்ளேயிருந்து கீச்சென்ற சத்தம் வர, கோழி வேறு ஒரு குரலில் பதில் சொன்னது. அந்த முரட்டுக் கோழிக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பொழுது சாய்வதற்குள் கருப்பும் சாம்பலும் மஞ்சளுமாக அதன் இறக்கைக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. இரண்டு முட்டை கூமுட்டை. ஒரு குஞ்சு பாதி ஓட்டோடு செத்துப் போயிற்று. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சின்னக்கண்ணு வெகுநேரம் மற்றவற்றைப் பார்க்க வரவில்லை. கண்ணாயி தன் பங்கைக் கேட்டபோது, "வளரட்டும்க்கா, தாயைப் பிரிக்க வேண்டாம்" என்றான். அவளும் ஒப்புக்கொண்டாள்.

அதற்கப்புறம் சும்மா இருக்க நேரம் இல்லை. மேலே வட்டமடிக்கிற பருந்துக்காக ஒரு தகர டப்பாவும் குச்சியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே இருந்தான். தட்டுகிற தட்டில் பருந்தோடு சேர்ந்து பக்கத்து வீட்டு நாயும் ஓடும். அப்படியும் இரண்டு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது முறை இறங்கியபோது கருப்பியே எகிறிக் குதித்துப் பருந்தின் நெஞ்சில் உதைத்ததை ஊரில் பலபேர் பார்த்தார்கள்.

டீக்கடையில் ராசு விடவில்லை. "என்ன மாப்ள, கோழியெல்லாம் பொரிச்சாச்சு. நீ எப்ப முட்டை போடப் போற?"

கடை முழுக்கச் சிரித்தது. சின்னக்கண்ணு டீயை நிதானமாகக் குடித்து முடித்தான். "போட்டா மொத முட்டை உனக்குத்தான்டா. ஆனா நீதான் அடையில உக்காரோணும். பொரியற வரைக்கும் பீடி குடிக்க எந்திரிக்கப்படாது. முடியுமா உன்னால?"

இப்போது கடை ராசுவைப் பார்த்துச் சிரித்தது. ராசுவும் சேர்ந்து சிரித்துவிட்டான். கேலி அதோடு நின்றுவிடவில்லை. 'கோழிக்காரன்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவன் சளைக்காமல் "ஏன்?" என்று திரும்பிப் பார்த்தான். கூப்பிட்டவர்களுக்குத்தான் சப்பென்று போயிற்று.

ஆண்கள் கேலி பேசிக்கொண்டிருக்க, பெண்கள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக் கோழி உட்கார மாட்டேன் என்கிறது, உன் கோழியிடம் வைத்துக் கொடு என்றார்கள். சிலர் கோழியையே கொண்டுவந்து அடைப்பில் விட்டுப் போனார்கள். கருப்பியின் பெட்டைகள் வளர்ந்து அவையும் உட்கார்ந்தன. சரிவராமல் போனதும் உண்டு. இடிமழையில் ஒரு கூடை முழுவதும் நனைந்து பாழாயிற்று. ஒருத்தி அதற்காக வந்து திட்டிவிட்டும் போனாள். அவன் வாங்கிக்கொண்டான். வசவு அவனுக்குப் பழக்கம்தானே.

பூபதி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பெண் பார்த்த அன்று செம்மேட்டில் கோழி வாங்கிச் சமைத்தான். சம்பந்தம் பேசி முடிந்தது. ஊர் முழுக்க வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணத்துக்கு அழைத்தவன், தம்பி வீட்டை மட்டும் தாண்டிப் போனான். தம்பி முற்றத்தில்தான் இருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் சின்னக்கண்ணு வெள்ளை வேட்டி கட்டினான்.

"கூப்புடாத எடத்துக்கா?" என்றாள் அம்சவேணி.

"என்ற அண்ணன் மக கல்யாணத்துக்கு என்னை எவன் கூப்புடோணும்?"

அவள் உள்ளே போய்ப் புதுப்புடவையை எடுத்தாள்.

கருப்பியின் பெட்டைகளில் ஒன்று அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. தாயையும் குஞ்சுகளையும் மூடி போட்ட கூடையில் வைத்து, மேலே ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, அம்சவேணி தலையில் ஏற்றிக்கொண்டாள். சரிவில் அவன் தடியூன்றி இறங்க, அவள் அவன் வேகத்துக்கே நடந்தாள். பந்தலுக்குள் நுழைந்தபோது மேளக்காரர் ஊதுவதை நிறுத்தவில்லை, பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் நிறுத்திவிட்டார்கள். கீச்கீச்சென்று கூடைக்குள்ளிருந்து சத்தம்.

மணையில் இருந்த கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். "சித்தப்பா!" என்று கத்தியே விட்டாள். மாப்பிள்ளை திடுக்கிட்டான். கூடையை அவள் காலடியில் வைத்துச் சின்னக்கண்ணு சொன்னான்: "சித்தப்பன் சீர் கண்ணு. ஒறம்பரை வந்தாங்கன்னு அடிச்சுக் கொழம்பு வெச்சுராத. அடை வெச்சுப் பெருக்கு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தான். எதிரே பூபதி. பந்தல் முழுக்க அவர்களைத்தான் பார்த்தது. பூபதி கிட்டே வந்தான். அப்புறம் கூடையில் கட்டியிருந்த மஞ்சள் துணி அவிழ்ந்து கிடந்ததைக் குனிந்து சரியாகக் கட்டினான். "மேல ஓட்டை விட்டுக் கட்டோணும்டா. மூச்சு முட்டிறாதா?" என்று உறுமினான். மன்னிப்பு இரண்டு பக்கமும் கேட்கப்படவில்லை. சின்னக்கண்ணுவுக்குக் கேட்கிற எண்ணமும் இல்லை. அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வான்.

பந்தி ஆரம்பித்தபோது மாப்பிள்ளையின் அம்மா ஆத்தாயி அவனைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செம்மேட்டுக் கடைக்குப் பின்னால் அவளுக்கு நாலு பெட்டை இருந்தது.

"ஏனுங்க சம்பந்தி, முட்டை நல்லாத்தான் இடுது. ஒண்ணாவது உக்காருதான்னா இல்லை. பஸ் சத்தமா, என்னமோ தெரியலைங்க."

சின்னக்கண்ணு தடியைக் காலிடுக்கில் சாய்த்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். "சத்தத்துக்கெல்லாம் பழகிக்குமுங்க. மொதல்ல நீங்க அந்த முட்டைய எடுக்கறதை நிறுத்தோணும்..."

அவன் பேசப் பேச, சுற்றி இரண்டு மூன்று பெண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பந்தி வாசலிலிருந்து பூபதி கூப்பிட்டான். "சின்னு, எலை போட்டாச்சு. வா."

"சித்தே இருங்கண்ணா, பேசிட்டிருக்கேன்" என்றான் சின்னக்கண்ணு. எழுந்திருக்கவில்லை.